மாமியார் பீரோவின் மாற்றுச் சாவி

பாதி வெட்டின சாவியை யாராவது திரும்ப வாங்கிக்கொண்டு போவார்களா? சாவிக்காரியின் கடையில் அதுவும் நடந்தது.

மளிகைக் கடைக்காரர் தன் கிடங்குக்கு மாற்றுச் சாவி கேட்டு வந்திருந்தார். மிஷினின் ஒரு பக்கம் அவருடைய சாவி, மறு பக்கம் வெட்டாத புதுச் சாவி, இரண்டையும் இறுக்கிப் பிடிக்க வைத்து அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். பித்தளைத் தூள் முழங்கை வரைக்கும் ஒட்டியிருந்தது. வெளியே புழுக்கம், மழை வருகிற மாதிரி வந்து வராமலே போக்குக் காட்டிக்கொண்டிருந்த வாரம் அது. மூன்று பல் வெட்டியிருப்பாள், ஸ்டேஷன் ஏட்டு வந்து நின்றார்.

ஏட்டு ஒன்றும் புது ஆள் இல்லை. மோட்டார் சைக்கிள் சாவியைத் தொலைத்துவிட்டு அசட்டுச் சிரிப்போடு வந்து நிற்கிறவர்தான். இன்றைக்கு அந்தச் சிரிப்பைக் காணோம்.

"என்ன சார், லாக்கப் பூட்டு மாட்டிக்கிச்சா?" என்றாள் அவள்.

"இல்லம்மா. உங்க மாமியார் கம்ப்ளைண்ட் குடுத்திருக்காங்க. அவங்க பீரோவுக்குத் திருட்டுச் சாவி போட்டு நகையை எடுத்துட்டீங்கன்னு. கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வரணும்."

மிஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. மளிகைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அந்தச் சாவியைக் குடும்மா. அவசரமில்ல, அப்புறம் பார்த்துக்கலாம்."

"பாதிதான் ஆயிருக்கு அண்ணே. ரெண்டு நிமிஷம்..."

"பரவாயில்ல. ரெண்டையும் குடு."

அசலையும் வாங்கிக்கொண்டார், பாதி வெட்டினதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கென்று நினைக்கிறீர்கள்? இவள் கையில் விட்டுவிட்டுப் போனால் மீதியை வெட்டிக் கிடங்கைத் திறந்துவிடுவாளாம்! இத்தனை நாள் பழகின பழக்கம் ஏட்டு பேசி முடிப்பதற்குள் செத்துப்போயிற்று.

பக்கத்துக் கடை வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் மாட்டின பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே எழுந்து வந்தார். தம்பிகளோடு சொத்து வழக்கு நடத்திச் செருப்புத் தேய்ந்த மனிதர். கோர்ட்டு வாசலில் எந்தப் படி உடைந்திருக்கிறது என்பது வரைக்கும் தெரியும்.

"ஏட்டய்யா, வரச் சொல்றதை எழுத்துல குடுங்க. தங்கச்சி வக்கீலோட வரும். ஓடி ஒளியற ஆள் இல்ல."

ஏட்டு தலையைச் சொறிந்தார். பிறகு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலையில் வரவேண்டும் என்றிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டபோது பேனாவிலும் பித்தளைத் தூள் ஒட்டியது.

அந்தக் கடை அவள் புருஷனுடையது. நல்லா இருந்த மனுஷன் ஒரு நாள் சுத்தியலைக் கையில் வைத்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அழுது முடித்த கையோடு அவள் ஷட்டரைத் தூக்கினாள். பூட்டு வேலை அவளுக்குப் புதிதல்ல. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அரம் போட்டு அரம் போட்டுக் கை பழகியிருந்தது. தொழிலோடு இரண்டு சட்டத்தையும் அவர் விட்டுவிட்டுப் போயிருந்தார். ஒன்று, பூட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்காமல் சாவி வெட்டக் கூடாது. இரண்டு, வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்துவிட்டால், கதவை இழுப்பதற்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கிறது தங்கமா தகரமா, அது நமக்கு வேண்டாத கதை. அவள் சுவரைப் பார்த்து நிற்கிற அழகைக் கடைத்தெருவில் கேலி செய்வார்கள். ஆனால் அதே கேலிக்காரர்கள்தான் பூட்டு மாட்டிக்கொண்டால் அவளைக் கூப்பிடுவார்கள்.

யானைக்கும் அடி சறுக்கும். அவளுக்குச் சறுக்கியது சொந்தத்தில்.

அன்று மத்தியானமே வக்கீலம்மாவைப் பார்க்கப் போனார்கள். மருந்துக் கடைக்கு மேலே ஒரே அறை. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. வக்கீலம்மா ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் புகார் நகலுமாகப் படித்துக்கொண்டிருந்தார். சாவிக்காரியோடு அவள் அண்ணனும் வந்திருந்தான். லாரி ஓட்டுகிறவன், ஹாரன் அடிக்கிற மாதிரியே பேசுவான்.

வக்கீலம்மா சத்தமாகப் படித்தார். "'என்னைப் பார்க்க வருவதுபோல் வந்த என் மருமகள், நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் என் பீரோ சாவியை எடுத்துச் சென்று, எனக்குத் தெரியாமல் மாற்றுச் சாவி செய்து...' சரி. கேட்கிறதுக்கு நேரா பதில் சொல்லணும். அந்தப் பீரோவுக்கு நீங்க சாவி வெட்டினீங்களா?"

அவள் முழங்கையில் ஒட்டியிருந்த பித்தளைத் தூளைத் தேய்த்தாள்.

"இல்லைன்னு சொல்லு," என்றான் அண்ணன். "சாவியே வெட்டலைன்னா கேஸே இல்ல. முடிஞ்சுது."

"வெட்டினேன்," என்றாள் அவள்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். வக்கீலம்மா ரொட்டியைக் கீழே வைத்தார்.

"யார் கேட்டு?"

"என் கொழுந்தன். போன மாசம் வந்தாரு. 'அண்ணி, அம்மா பீரோ சாவி இது, தொலைச்சிட்டாங்கன்னா வம்பு, ஒண்ணு மாத்துச் சாவி போட்டுக் குடுங்க'ன்னாரு. வெளியாளா இருந்தா சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வான்னு சொல்லியிருப்பேன். கூடப் பொறந்த தம்பி மாதிரி வந்து நிக்கறப்போ எப்படிம்மா சந்தேகப்படறது? வெட்டிக் குடுத்தேன். ஒண்ணுதான் வெட்டினேன். அதையும் அசலையும் அவர் கையிலேயே குடுத்துட்டேன்."

"அத்தைகிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல. அதான் நான் பண்ணின தப்பு."

"தப்புதான், குற்றமில்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. இப்போ கேளுங்க. முதல்ல முன்ஜாமீன் போடறோம். கைது பண்றதுக்கு முன்னாடியே கோர்ட்டு பாதுகாப்பு குடுக்கும். அதுல சாவி வெட்டினது, யார் கேட்டு வெட்டினது, எல்லாத்தையும் நாமளே எழுதிடணும். நாளைக்கு நான் கூட வரேன், ஸ்டேஷன்ல கேட்டதுக்கு மட்டும் பதில். எழுதாத காகிதத்துல கையெழுத்துப் போடக் கூடாது. அப்புறம் சாட்சி சேர்க்கணும், பொய்ப் புகார்னு காட்ட முடிஞ்சா மேல் கோர்ட்டுல வழக்கையே ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம். தெரிஞ்சே பொய்ப் புகார் குடுத்தவங்க மேலேயும் சட்டம் பாயும். ஆனா அது அப்புறம். முதல்ல நீங்க வெளியில இருக்கணும்."

"எதுக்கும்மா இவ்வளவு சுத்து?" அண்ணன் மேசையைத் தட்டினான். "நாமளும் ஒண்ணு குடுப்போம். புருஷன் செத்தவளைக் கையைப் பிடிச்சு இழுத்தான்னு அந்தக் கொழுந்தன் மேல ஒரு கம்ப்ளைண்ட்! அலறிக்கிட்டு ஓடி வருவான் சமாதானத்துக்கு."

"அண்ணா, சும்மா இரு. அவர் அப்படிப்பட்டவர் இல்ல."

"உன்னைத் திருடின்னவனுக்கு நல்ல சர்டிபிகேட் குடு!"

"பொய்க்குப் பொய் போட்டா," என்றார் வக்கீலம்மா, "உங்க தங்கச்சி சொல்ற உண்மையையும் எவனும் நம்ப மாட்டான். சாவியே வெட்டலைன்னு சொல்றதும் அதே கதைதான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்காதீங்க. இந்த ரெண்டு யோசனையையும் கீழே மருந்துக் கடை வாசல்லயே விட்டுட்டுப் போயிடுங்க."

மறுநாள் வக்கீலம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தாள், சில நாளில் முன்ஜாமீன் கிடைத்தது. அதற்குள் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மாடிப்படியில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கதவிடுக்கில் பார்ப்பாள், பால்காரராக இருக்கும். கோர்ட்டு நிபந்தனை போட்டிருந்தது. வாரா வாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், மாமியார் வீட்டுப் பக்கமே போகக் கூடாது, மாமியாரோடு பேசக் கூடாது, ஆள் விட்டு மிரட்டக் கூடாது. மிரட்டுகிறதாம்! மாமியாரைக் கண்டால் இன்றைக்கும் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்கிறவள்.

கைது பயம் போனது, கடைப் பயம் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தையற்கடைக்காரியின் மேசைப் பூட்டு கெட்டுப்போனபோது அவள் இரண்டு தெரு தள்ளிப் போய் ஒரு தச்சனைக் கூட்டி வந்து பலகையையே உடைக்க வைத்தாள். இவள் கடை வாசலைத் தாண்டித்தான் கூட்டிப் போனாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சாவிக்காரி மிஷினுக்கு எண்ணெய் போட்டாள், அரங்களைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். வெட்டாத சாவிகள் சுவரில் வரிசையாகத் தொங்கின.

"திருடி கையில எவன்ணே சாவியைக் குடுப்பான்?" என்றாள் வாட்ச்காரரிடம்.

"நான் குடுக்கறேன்," என்று அவர் தன் கடைச் சாவியை எடுத்து நீட்டினார். "ஒண்ணு வெட்டு."

"உங்ககிட்ட ஏற்கெனவே மூணு இருக்கு."

"நாலாவது இருந்துட்டுப் போகட்டும். அந்த மிஷின் சத்தம் கேக்காம எனக்கு வேலை ஓடல."

அவள் வெட்டினாள். வெட்டும்போது அழுதாள்.

அந்த வாரக் கடைசியில் கொழுந்தன் அவள் அண்ணனிடம் சொல்லி அனுப்பினான். கடையை அவன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் புகாரை வாபஸ் வாங்கச் சொல்கிறானாம். செத்துப்போன அண்ணன் கடை, ரத்த பாத்தியதை அவனுக்குத்தானாம். செல்போன் உறை விற்கிற ஒருத்தன் அந்த இடத்துக்கு வாடகை பேசியிருக்கிறான் என்று கடைத்தெருவே பேசியது.

"ஓ, சங்கதி இதுதானா!" என்றார் வாட்ச்காரர்.

அவளுக்குக் கோபம் வரவில்லை, களைப்புதான் வந்தது. கொடுத்துவிட்டால் என்ன? எந்த ஸ்டேஷனிலும் கையெழுத்துப் போட வேண்டாம், எவர் முகத்தையும் பார்க்க வேண்டாம். எங்கேயாவது பாத்திரம் கழுவிப் பிழைக்கலாம். ஒரு ராத்திரி முழுக்க அதையே நினைத்தாள். விடிந்ததும், கொடுத்துவிட்டால் திருடினது உண்மை என்றல்லவா ஆகிவிடும் என்று தோன்றியது. புருஷன் உட்கார்ந்த இடத்தில் திருடி என்கிற பேரை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. ஷட்டரை வழக்கத்தைவிடச் சத்தமாகத் தூக்கினாள்.

அந்தக் காலையில்தான் மாமியார் வந்து நின்றாள்.

கண்ணில் புரை விழுந்த கிழவி. சுவரைத் தடவித் தடவிக் கடைத்தெரு முழுக்க நடந்து வந்திருக்கிறாள். முந்தானையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் எப்போதும் தொங்குகிற சாவி இல்லை. அந்தச் சாவி இல்லாமல் அவளைப் பார்த்ததே கிடையாது என்பதால் சாவிக்காரி கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

பட்டதும் எழுந்து நின்றாள். கோர்ட்டு ஞாபகம் வந்தது. சட்டென்று திரும்பி, "வாட்ச்சண்ணே!" என்று கத்தினாள். "இங்க வாங்கண்ணே, சீக்கிரம்! அவங்களோட நான் பேசக் கூடாதுன்னு கோர்ட்டு ஆர்டர் இருக்கு. அவங்களைப் போகச் சொல்லுங்க."

வாட்ச்காரர் பூதக்கண்ணாடியோடு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார்.

"நான் ஒண்ணும் அவகூடப் பேச வரலப்பா," என்றாள் மாமியார் அவரைப் பார்த்து. "ஒரு பூட்டைத் திறக்கணும். பூட்டுக்காரிகிட்டதானே வரமுடியும்? என் பீரோவுக்குப் புதுப் பூட்டு மாத்திட்டான் சின்னவன். பாதுகாப்பாம்! சாவி அவன் பாக்கெட்டுல. ஒரு சேலை எடுக்கணும்னாலும் அவன் வேலையிலேருந்து வர்ற வரைக்கும் காத்துக் கெடக்கேன். குளிச்சிட்டு ஈரத்தோட நின்னேன்ப்பா முந்தா நாள். அவ கை வச்சா நொடியில திறக்கும்னு சொல்லு."

"அண்ணே, அந்தப் பீரோ பக்கம் நான் போனேன்னா என்னை உள்ள தள்ளிடுவாங்கன்னு சொல்லுங்க. அவங்க குடுத்த புகார்தானே இது? அவங்க குளிக்கப் போன நேரம் பார்த்து நான் சாவியைத் திருடிட்டுப் போனேன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே."

"திருடிட்டுப் போனாளா?" மாமியார் வாட்ச்காரரை விட்டுவிட்டு நேராகவே மருமகளைப் பார்த்தாள். பிறகு நினைவு வந்து அவர் பக்கம் திரும்பினாள். "யாருப்பா அப்படிச் சொன்னது?"

"நீங்கதாம்மா," என்றார் வாட்ச்காரர். "கையெழுத்து உங்களோடது."

"நான் எங்கப்பா படிச்சேன்? எனக்கு எழுத்து தெரியற கண்ணா இது? அவன் விரலை வச்ச இடத்துல போட்டேன். சாவியை யாரும் திருடல. நான்தானே சின்னவன்கிட்ட குடுத்தனுப்பினேன்! 'அம்மா, ஒண்ணு மாத்து போட்டு வச்சுக்கலாம்'னான், சரின்னு இடுப்புலேருந்து அவுத்து என் கையாலயே குடுத்தேன். அப்புறம் நகையைக் காணோம்னதும் 'அண்ணி ரெண்டு வெட்டியிருப்பா, ஒண்ணு அவகிட்ட இருக்கும்'னான். நம்பிட்டேன்."

வாட்ச்காரர் பூதக்கண்ணாடியை இப்போதுதான் கண்ணிலிருந்து எடுத்தார்.

சாவிக்காரி வாட்ச்காரர் பக்கம் திரும்பினாள். கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தது; கேட்டது ஒன்றுதான். "அண்ணே, கேளுங்க. நம்பினாங்களாமே, எப்படி நம்பினாங்க? அவங்க பையன் உசிரோட இருந்தப்போ ஒரு தடவையாவது நான் அவங்க பீரோ பக்கம் திரும்பினேனா?"

வாட்ச்காரர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கிழவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"திறந்து குடுக்கச் சொல்லுப்பா அவளை," என்றாள் கடைசியில். "அது என் பீரோ. நான்தான் சொந்தக்காரி. நான் பக்கத்துல நிக்கறேன்."

"அதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்கண்ணே. இப்போ சொன்ன எல்லாத்தையும், அவங்க வாயாலேயே. ஏட்டய்யாவையும் கூட்டிட்டு வந்து இன்ஸ்பெக்டரே கூப்பிட்டா நான் வரேன். தனியா வரமாட்டேன். நீங்க முதல்ல வக்கீலம்மாவுக்குப் போனைப் போடுங்க."

பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுக்க எந்தத் தாய்க்குக் கால் எழும்? கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். வாட்ச்காரர் முக்காலியைப் போட்டார், உட்காரவில்லை. தேநீர் வாங்கி வந்தார், குடிக்கவில்லை. சாவிக்காரி மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்வும் சாவும் அந்தக் கிழவி எந்தப் பக்கம் திரும்பி நடக்கப் போகிறாள் என்பதில் இருந்தது. வீடு இடது பக்கம். ஸ்டேஷன் வலது பக்கம்.

"இடுப்பு வெறுமனே இருக்குப்பா," என்றாள் கிழவி யாருக்கோ சொல்வது மாதிரி. பிறகு, "ஸ்டேஷனுக்கு யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

வாட்ச்காரர் கடையைப் பூட்டாமலே கிளம்பினார்.

இன்ஸ்பெக்டர் மாமியார் சொன்னதை எழுதி, ஏட்டை விட்டு அவளுக்கே வாசித்துக் காட்டி, அப்புறம்தான் கையெழுத்து வாங்கினார். வக்கீலம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். கொழுந்தனுக்குப் போன் போனது. சாவி தொலைந்துவிட்டது என்றான். பிறகு போனையே எடுக்கவில்லை. பூட்டை உடைக்கலாமா என்று இன்ஸ்பெக்டர் யோசித்தார்.

"உடைக்க வேண்டாம் சார்," என்றார் ஏட்டு. "கடைத்தெருவுல நல்ல ஆள் ஒருத்தங்க இருக்காங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வேறு ஆள் இல்லை.

இன்ஸ்பெக்டர் எழுத்து மூலம் கூப்பிட்டார். மாமியார் வீட்டு அறையில் அத்தனை பேர் சுற்றி நின்றார்கள். சாவிக்காரி பையைக் கீழே வைத்துவிட்டு, "சொந்தக்காரங்க பக்கத்துல வந்து நிக்கணும்," என்றாள். மாமியார் வந்து தோளோடு தோளாக நின்றாள்.

கம்பியை உள்ளே விட்டாள். பூட்டு புதுசு, கை வியர்த்து வழுக்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி விட்டாள். 'டக்'கென்று சத்தம் வந்தது. வந்ததும் கம்பியை உருவிக்கொண்டு, கதவைத் தொடாமல், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

பின்னால் கதவு முனகியது. உள் இழுப்பறை இழுபட்டது. அப்புறம் வளையல்கள் ஒன்றோடு ஒன்று உரசுகிற சத்தம். திருட்டுப் போன பீரோவுக்குள் மறுபடி யார் தேடப் போகிறார்கள் என்று அங்கேயே கொண்டுவந்து வைத்துப் பூட்டியிருக்கிறான் புத்திசாலி.

"எல்லாம் இருக்கா பாருங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருக்கு," என்றாள் மாமியார். பிறகு ஓவென்று அழுதாள். "இங்க பாருடி. திரும்பி ஒரு தடவை பாருடி என் மூஞ்சியை."

"அது என் வேலை இல்ல அத்தை," என்றாள் அவள் சுவரிடம்.

வக்கீலம்மா மேல் கோர்ட்டில் மனுப் போட்டார். வழக்கு ரத்தானது. பொய்ப் புகார் தயார் செய்ததற்காகக் கொழுந்தன் மேல் போலீஸ் வழக்குப் பதிந்தது. இப்போது அவன் முன்ஜாமீனுக்கு அலைந்துகொண்டிருந்தான்.

அதற்கப்புறம் ஒரு நாள், போக்குக் காட்டின மழை கடைசியில் கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தபோது, மாமியார் பீரோ பூட்டைக் கழற்ற வைத்து முந்தானையில் முடிந்துகொண்டு கடைக்கு வந்தாள். மளிகைக்காரரும் அந்தப் பாதிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அசடு வழிய நின்றிருந்தார்.

"மீதியை வெட்டிடலாமாம்மா?"

"கொஞ்சம் நில்லுங்கண்ணே. பெரியவங்க வந்திருக்காங்க."

மாமியார் பூட்டை எடுத்து மேசையில் வைத்தாள். சாவிக்காரி அதற்கு ஒரு வெட்டாத சாவியைப் பொருத்திப் பார்த்து அரத்தை எடுத்தாள்.

"ரெண்டா போடு," என்றாள் மாமியார் மெதுவாக. "ஒண்ணு எனக்கு. ஒண்ணு உன்கிட்டயே இருக்கட்டும். எனக்கப்புறம் எல்லாம் உனக்குத்தான்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவனை மட்டும் மன்னிச்சு விட்டுடச் சொல்லி வக்கீலம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். ஒத்தைப் பிள்ளைதான் மிச்சம் எனக்கு."

அரம் நின்றது. அந்த மிச்சம் என்கிற வார்த்தை அவளுக்கும் தெரியும்.

"அந்தக் கேஸ் நான் போட்டதில்ல அத்தை, நான் வாபஸ் வாங்க. கூப்பிட்டுக் கேட்டா நடந்ததைச் சொல்வேன். கூட்டியும் சொல்லமாட்டேன், குறைச்சும் சொல்லமாட்டேன்."

"கோவமா இருக்கியாடி?"

"இருக்கேன். அது ஆறிடும். ஞாயித்துக்கிழமை எப்பவும்போல வருவேன், தலைக்கு எண்ணெய் வச்சு விடறேன்."

மிச்சப் பற்களையும் ராவி, பிசிறைத் தட்டி, தூளை ஊதிவிட்டு, பூட்டில் போட்டுத் திருப்பினாள். திறந்தது. சாவியை மாமியாரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"இன்னொண்ணு?" என்றாள் கிழவி.

"ஒண்ணுதான் அத்தை," என்றாள் அவள். "உங்க வீட்டுச் சாவி என்கிட்ட வேண்டாம்." பிறகு மளிகைக்காரர் பக்கம் கையை நீட்டினாள். "குடுங்கண்ணே. அசலையும் குடுங்க. இப்படிக் கிட்ட வந்து நில்லுங்க."